யூத வெறுப்பின் நீண்ட கணக்கு: ஒவ்வொரு முறையும் ஆதாயம் யாருக்கு?

யூதர்களைப் போன இடமெல்லாம் ஏன் துரத்தினார்கள், இத்தனை நாடுகள் வெறுத்தன என்றால் அவர்கள் பக்கமும் ஏதாவது தவறு இருந்திருக்காதா, 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அதைத் தீர்க்காமல் மற்ற இரண்டுக்கும் சொல்லும் பதில் மனத்தில் நிற்காது. நெருப்பில்லாமல் புகையுமா என்ற எண்ணத்தில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. நெருப்பு இருந்தது உண்மை. அதை மூட்டியவர் யார், அதில் குளிர்காய்ந்தவர் யார் என்பதை ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாகப் பார்த்தால், குற்றம் சாட்டப்பட்டவரைவிடக் குற்றம் சாட்டியவரைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேமின் ஆலயத்தை இடித்ததும், 132 முதல் 135 வரை யூதர்கள் நடத்திய பார் கோக்பா கிளர்ச்சியைப் பேரரசர் ஹேட்ரியன் ஒடுக்கியதும் ஒரு பேரரசு தனக்கு அடங்காத மாகாணத்தை நடத்திய விதம். அந்தக் கொடுமை பெரியதே என்றாலும் அதற்கு அரசியல் எல்லை இருந்தது. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவிய பிறகு வந்த குற்றச்சாட்டுக்கு அத்தகைய எல்லை இல்லை. இயேசுவைக் கொன்ற பழி அந்தத் தலைமுறை மீது மட்டுமல்ல, பிறக்கப்போகும் ஒவ்வொரு யூதக் குழந்தை மீதும் விழுகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் பிரசங்கம் செய்தார்கள். சிலுவையில் அறையும் தண்டனை ரோமர்களுடையது என்பதும், இயேசுவும் அவருடைய முதல் சீடர்களும் யூதர்களே என்பதும் அந்தப் பிரசங்கத்தைத் தடுக்கவில்லை. அந்தக் கூட்டுப் பழியைக் கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக முறைப்படி மறுத்தது 1965-இல்தான்.

யூதர்கள் வட்டிக்கடைக்காரர்கள், அதனால்தான் வெறுக்கப்பட்டார்கள் என்ற விளக்கம் நம் ஊரிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. இடைக்கால மேற்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் அவர்கள் நிலம் வைத்திருக்க முடியாது. கைவினைத் தொழில்களை நடத்திய சங்கங்களில் சேர முடியாது. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதோ திருச்சபைச் சட்டப்படி பாவம். மிச்சமிருந்த கதவு அது ஒன்றுதான். இங்கிலாந்தில் அந்தக் கதவுக்குக் காவல் நின்றவர் அரசர். அங்கு யூதர்கள் அரசரின் சொத்தாகவே கருதப்பட்டார்கள். பிரபுக்களுக்கு அவர்கள் கடன் கொடுப்பார்கள். வசூலானதை அரசர் வரி என்றும் அபராதம் என்றும் உறிஞ்சிக்கொள்வார். கடன்பட்டவரின் கோபம் மட்டும் யூதர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். 1190 மார்ச்சில் யார்க் நகரக் கோட்டையில் தஞ்சம் புகுந்த யூதர்களைக் கும்பல் முற்றுகையிட்டபோது பெரும்பாலோர் பிடிபடுவதைவிடத் தாங்களே சாவது மேல் என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் வெளியே வந்தவர்களையும் கொன்றுவிட்டு அந்தக் கும்பல் நேரே பேராலயத்துக்குப் போய், அங்கே பத்திரப்படுத்தியிருந்த கடன் பத்திரங்களை எடுத்து ஆலயத்துக்குள்ளேயே கொளுத்தியது. கும்பலின் தலைவர்கள் யூதர்களிடம் கடன்பட்டிருந்த பெரிய மனிதர்கள். நூறு ஆண்டுகள் கழித்து, கறக்க இனிப் பால் இல்லை என்ற நிலை வந்ததும், 1290-இல் முதலாம் எட்வர்ட் அவர்கள் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றி, வீடுகளையும் நிலுவைக் கடன்களையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எல்லா ஆயர்களும் எல்லா அதிகாரிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1096-இல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்கள் மீது பாய்ந்தபோது, ஸ்பையர் நகர ஆயர் தன் ஊர் யூதர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் ஆயர் மாளிகைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களே வெட்டப்பட்டார்கள். தடுக்க மனமுள்ளவர் இருந்த இடத்தில் தடுக்க முடிந்தது என்பதால்தான், மற்ற இடங்களில் நடந்ததை மக்களின் கட்டுக்கடங்காத ஆவேசம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

1349-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நடந்ததைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். கொள்ளைநோய் ஐரோப்பாவைத் தின்றுகொண்டிருந்த காலம். யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்ததால்தான் நோய் பரவியது என்ற வதந்திக்கு, சவோய்ப் பகுதியில் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஆதாரமாகக் காட்டப்பட்டன. அவற்றின் பிரதிகள் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. யூதர்களும் அதே நோயில்தான் சாகிறார்கள், அவர்களே இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறது என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348-இலேயே ஆணை எழுதி மறுத்திருந்தார். ஸ்ட்ராஸ்பூர்க் நகர மன்றமும் ஆதாரமில்லாமல் கொல்ல மாட்டோம் என்று உறுதியாக நின்றது. கைவினைச் சங்கங்கள் அந்த மன்றத்தையே கவிழ்த்துப் புதிய மன்றத்தை அமர்த்தின. அது பொறுப்பேற்ற சில நாட்களில், பிப்ரவரி 14 சனிக்கிழமையன்று, யூதர்கள் தங்கள் இடுகாட்டுக்கே இழுத்துச் செல்லப்பட்டு, மரத்தால் கட்டிய மேடையில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். திருமுழுக்கு பெற ஒப்புக்கொண்டவர்கள் தப்பினார்கள். இறந்தவர்கள் 2,000 பேர் என்று பழைய நகரக் குறிப்பு சொல்கிறது. பல நூறு பேர் இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்கள் சிலரின் மதிப்பீடு. அன்றைக்கு அந்த நகரத்துக்குள் கொள்ளைநோய் வந்திருக்கவே இல்லை. அடகுப் பொருள்களும் கடன் பத்திரங்களும் கடன்பட்டவர்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டன. ரொக்கம் கைவினைச் சங்கத்தாருக்குப் பங்கிடப்பட்டது. யூதர்களைக் கொன்ற விஷம் அவர்களுடைய பணமே என்று அந்த நகரத்தின் வரலாற்றுக் குறிப்பாளரே எழுதி வைத்துவிட்டார்.

மதத்தை மாற்றிக்கொண்டால் பிழைக்கலாம் என்ற அந்த வழியும் ஸ்பெயினில் அடைபடத் தொடங்கியது. 1391-இல் செவில்லேயில் தொடங்கிய கலவரங்களுக்குப் பிறகு பல்லாயிரம் யூதர்கள் உயிருக்குப் பயந்து கிறிஸ்தவர்களானார்கள். மாறியவர்கள் அரசுப் பதவிகளிலும் வணிகத்திலும் முன்னேறியதைப் பொறுக்காத டொலேடோ நகரத்தார், யூத வம்சாவளியில் வந்தவர்கள் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று 1449-இல் விதி செய்தார்கள். நம்பிக்கையைப் பார்ப்பது போய், இரத்தத்தைப் பார்ப்பது தொடங்கியது அங்கேதான் என்பது என் கருத்து. 1492-இல் மதம் மாறாத யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று அரசாணை வந்தது. மாறியவர்கள் இரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றுகிறார்களா என்று தேடிய இன்க்விசிஷன் என்ற மத விசாரணை மன்றங்கள் அவர்களைத் துரத்தின. இந்தியாவில் யூதர்கள் துன்புறுத்தப்பட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்திய அரசர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே, கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர அரசர் பாஸ்கர ரவி வர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு இன்றும் கொச்சியில் இருக்கிறது. ஆனால் போர்த்துக்கீசியர் அந்த விசாரணை மன்றத்தை 1560-இல் கோவாவுக்கும் கொண்டு வந்தார்கள். இந்திய மூலிகைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா யூத வம்சாவளியினர். அவருடைய சகோதரி கத்தரினாவை 1569-இல் கோவாவில் எரித்தார்கள். முன்பே இறந்துபோயிருந்த ஓர்த்தாவின் எலும்புகளையும் 1580-இல் தோண்டியெடுத்துக் கொளுத்தினார்கள்.

இஸ்லாமிய ஆட்சிகளில் யூதர்கள் தனி வரி கட்டும் இரண்டாம் நிலைக் குடிகளாக, ஆனால் பெரும்பாலும் உயிர் பாதுகாப்போடு வாழ்ந்தார்கள். 1066-இல் கிரனடாவில் நடந்த படுகொலையும், 12-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவையும் தெற்கு ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹாத்கள் திணித்த மதமாற்றமும் அங்கேயும் நிலைமை கைமீறியதுண்டு என்பதைக் காட்டுகின்றன. ஆனாலும் ஸ்பெயின் துரத்தியவர்களுக்குக் கதவு திறந்தது ஓட்டோமான் பேரரசு. அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று, இன்று கிரேக்கத்தில் உள்ள சலோனிக்கா. அந்த ஊருக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

1791-இல் பிரான்ஸ் யூதர்களுக்குச் சமக் குடியுரிமை அளித்தது. 19-ஆம் நூற்றாண்டு நெடுகிலும் மற்ற மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அந்தச் சமத்துவமே புதிய வெறுப்புக்குக் காரணமாக்கப்பட்டது. கெட்டோ என்ற தனி யூதக் குடியிருப்பின் மதிலுக்குள் இருந்தவர் பல்கலைக்கழகத்திலும் பத்திரிகையிலும் வங்கியிலும் சரிசமமாக உட்கார்ந்தபோது, பழைய மதப் பகை அறிவியல் வேடம் போட்டுக்கொண்டு இனப் பகையாக வந்தது. ரஷ்யாவில் சமத்துவமே வரவில்லை. யூதர்கள் மேற்கு எல்லை மாகாணங்களில் மட்டுமே வசிக்கலாம் என்ற சட்டம் இருந்த அங்கே, 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் யூதக் குடியிருப்புகள் மீது அலை அலையாகத் தாக்குதல் நடந்தது. 1903-இல் கிஷினேவில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில், யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று காட்டும் போலி ஆவணம் ஒன்று ரஷ்யப் பத்திரிகையில் வெளியானது. அது வேறொரு பழைய பிரெஞ்சு அரசியல் நூலிலிருந்து திருடி எழுதப்பட்டது என்று லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921-இலேயே பத்திக்குப் பத்தி ஒப்பிட்டு நிரூபித்தது. அந்தப் போலியில் உள்ள கதைகள் இன்றும் தமிழில் காணொளிகளாக வலம் வருகின்றன என்பதைக் கவலையோடு குறிப்பிடுகிறேன்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் பலர் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர்கள். ஏப்ரல் 1-இல் கடைப் புறக்கணிப்பு, ஏப்ரல் 7-இல் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் என்று அது தொடங்கியது. 1935 நியூரம்பர்க் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த ஆணைகளும் தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் அவர் யூதர் என்று வகுத்தன. இனம் என்று பேசினார்களே தவிர, அந்தத் தாத்தா பாட்டியின் இனத்தைக் கண்டறியும் எந்த அறிவியலும் அவர்களிடம் இல்லை. தேவாலயப் பதிவேடுகளையும் யூதச் சபைப் பதிவேடுகளையும் புரட்டித்தான் பார்த்தார்கள். திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகவே வாழ்ந்தவரும் அந்தப் பதிவேட்டில் சிக்கினார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் தப்பிக்க இருந்த வழி இங்கே இல்லை. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் தொழுகைக்கூடங்களும் கடைகளும் எரிக்கப்பட்டு, சுமார் 30,000 ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட பிறகு, அந்தச் சேதத்துக்கு யூதர்களே பொறுப்பு என்று அவர்கள் மீது 100 கோடி மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டையும் அரசே எடுத்துக்கொண்டது. தப்பியோட நினைத்தவர்களுக்கோ போகுமிடம் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் எவியானில் கூடிய 32 நாடுகளில் பெரும்பாலானவை அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டன.

கொலை முகாம்களுக்கு முன்பே கொலை தொடங்கிவிட்டது. 1941 ஜூன் 22-இல் சோவியத் யூனியன் மீது படையெடுத்த ஜெர்மன் ராணுவத்தின் பின்னாலேயே நடமாடும் கொலைப் படைகள் சென்றன. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்களைச் சுட்டதாக அந்தப் படையே பெர்லினுக்கு அறிக்கை அனுப்பியது. கிழக்கில் இப்படிச் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 15 லட்சத்துக்கும் அதிகம். பல ஊர்களில் உள்ளூர்க் காவலர்களும் துணைப்படையினரும் கூடவே நின்றார்கள். போலந்தின் யெட்வாப்னே போன்ற ஊர்களில் அண்டை வீட்டாரே கொன்றார்கள். 1942 ஜனவரி 20-இல் பெர்லினை அடுத்த வான்சேயில் 15 அதிகாரிகள் கூடியது கொல்லலாமா என்று முடிவெடுக்க அல்ல. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை எந்தத் துறை எப்படி ஒருங்கிணைப்பது என்று பேசத்தான்.

அந்த ஒருங்கிணைப்பு எப்படி நடந்தது என்பதற்கு ரயில் கட்டணத்தைப் பார்த்தால் போதும். மக்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றதற்கு ஜெர்மன் அரசு ரயில்வே, ராணுவம் சாராத சாதாரணப் பயணக் குழுவுக்குப் போடுவதைப் போலவே கட்டணம் கணக்கிட்டது: மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டர் கணக்கில், போவதற்கு மட்டும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி, நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. ஏறியவர்கள் சரக்குப் பெட்டிகளில் தண்ணீரின்றி அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய எழுத்தர், நேர அட்டவணை போட்டவர், பெட்டிகளை இணைத்தவர் என்று எத்தனையோ பேர் யாரையும் கையால் தொடாமலேயே இந்தக் கொலையில் வேலை செய்தார்கள். ஹிட்லர் என்ற ஒருவரின் வெறிதான் எல்லாம் என்று முடித்துவிட முடியாமல் போவது இங்கேதான்.

இனி சலோனிக்கா. 1492-இல் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களின் சந்ததியார் அங்கே நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய ஸ்பானிய மொழியின் ஒரு வடிவத்தையே வீட்டில் பேசி வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதால் சனிக்கிழமைகளில் துறைமுகமே ஓய்வெடுத்த காலம் உண்டு. கிரேக்கத்தை ஜெர்மனி பிடித்த பிறகு, 1942 ஜூலை 11-இல் சுமார் 9,000 யூத ஆண்கள் நகரச் சதுக்கத்தில் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டுக் கட்டாய வேலைக்குப் பதிவு செய்யப்பட்டார்கள். பெரும் பணம் திரட்டிக் கொடுத்து அவர்களை மீட்க வேண்டியிருந்தது. டிசம்பரில் லட்சக்கணக்கான கல்லறைகள் இருந்த பழைமையான யூத இடுகாட்டை நகர நிர்வாகம் இடித்தது. கல்லறைக் கற்கள் கட்டடங்களுக்கும் நடைபாதைகளுக்கும் போயின. அந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. 1943 மார்ச் 15-இல் முதல் ரயில் புறப்பட்டது. போலந்தில் குடியமர்த்தப் போகிறோம் என்று சொல்லி, கையிலிருந்த கிரேக்கப் பணத்தை வாங்கிக்கொண்டு போலந்துப் பணத்துக்கான சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் 45,000-க்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் முகாமில் இறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கடைகளுக்கும் வீடுகளுக்கும் உடனே புதிய உரிமையாளர்கள் வந்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் 2,000 பேருக்கும் குறைவு.

ஆனால் ஆதாயக் கணக்கை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1944-இல் ஜெர்மனி எல்லா முனைகளிலும் பின்வாங்கிக்கொண்டிருந்தபோதும், மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டே வாரங்களில் ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்களை ரயிலேற்றினார்கள். தோற்றுக்கொண்டிருந்த அரசுக்கு அதனால் போரில் எந்தப் பயனும் இல்லை. எரியவிட்ட வெறுப்பு அதற்குள் தானே ஒரு நோக்கமாக மாறியிருந்தது.

அப்போதும் மறுத்தவர்கள் இருந்தார்கள். டென்மார்க் மக்கள் 1943 அக்டோபரில் சுமார் 7,200 யூதர்களை மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். பல்கேரியாவில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆர்த்தடாக்ஸ் ஆயர்களும் எதிர்த்ததால் சொந்த நாட்டு யூதர்கள் 48,000 பேர் தப்பினார்கள். அதே அரசு தான் பிடித்துவைத்திருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்டோரை ஒப்படைத்தது. பாரிஸில் 1942 ஜூலை 16, 17 தேதிகளில் 13,152 பேரைக் கைது செய்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். யூதர்கள் எதிர்க்காமல் செத்தார்கள் என்பதும் பொய். 1943 ஏப்ரல் 19-இல் வார்சா கெட்டோவில் சில கைத்துப்பாக்கிகளோடும் பெட்ரோல் குண்டுகளோடும் எழுந்தவர்கள் ஏறத்தாழ நான்கு வாரங்கள் தாக்குப்பிடித்தார்கள். டிரெப்லின்கா, சோபிபோர் கொலை முகாம்களிலும் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள்.

போர் முடிந்தும் கொலை முற்றிலும் நிற்கவில்லை. 1946 ஜூலை 4-இல் போலந்தின் கீல்சேயில், முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் மீது யூதர்கள் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று இடைக்காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வந்த பொய்யையே சொல்லி 42 பேரைக் கொன்றார்கள். பாக்தாத்தில் 1941 ஜூனில் சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1948-க்குப் பிறகு அரபு நாடுகளின் பழைமையான யூதச் சமூகங்கள் அநேகமாகக் காலியாயின.

கடைசியாக அந்த எண்ணிக்கை. அது போரில் வென்றவர்கள் பேச்சுக்குச் சொன்ன எண் அல்ல. போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்குகள், ரயில் பட்டியல்கள், கொலைப் படைகளின் அறிக்கைகள் ஆகியவற்றை நாடு நாடாகக் கூட்டிப் பெற்றது. எவ்வளவு கடுமையாகக் கணக்கிட்டும் வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பெர்க் 51 லட்சத்துக்குக் கீழே போகவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் 60 லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. போலந்தின் 33 லட்சம் யூதர்களில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். 1943 ஜனவரி 11-இல் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லே அனுப்பிய தந்தியைப் பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்திருந்தது. பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கவனிக்கப்படாமல் கிடந்த அதில், 1942 இறுதிவரை நான்கு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர் என்று கொலையாளிகளே கூட்டுத்தொகை போட்டிருக்கிறார்கள். எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் கொல்லப்பட்டவர்களில் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது. மேற்கு ஐரோப்பாவில் பதிவேடுகள் இருந்ததால் பெயர்கள் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்துவிட்டன. விடுபட்டவர்களில் பெரும்பாலோர் கிழக்கில் பட்டியல் எதுவுமின்றிச் சுடப்பட்டவர்கள். குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சாததால் பெயர் சொல்ல ஆளில்லாத குழந்தைகள் அவர்களில் நிறையப் பேர்.